கட்டைவிரலைக் கேட்டவர்களே, களவுக்குப் பதில் சொல்லுங்கள்!

முதியோர் பென்ஷன் களவு போகிறது. விதவைப் பென்ஷன் களவு போகிறது. களவு கொடுப்பவர்கள் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள். கணவனை இழந்த பெண்கள். கை கால் முடங்கியவர்கள். கள்ளன் பூட்டை உடைப்பதில்லை. சுவரில் கன்னம் வைப்பதில்லை. சாவி போட்டுத் திறக்கிறான். அந்தச் சாவி ஏழையின் கட்டைவிரல்.

கட்டைவிரலைச் சாவியாக்கியது யார்? சர்க்கார். பூட்டைச் செய்து கொடுத்தது யார்? பாங்கிகள். களவு போனால் நஷ்டம் யாருக்கு? விரல் வைத்த கிழவிக்கு!

இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

ரேகை எங்கே போயிற்று?

புதுக்கோட்டை ஜில்லா, திருவரங்குளம் ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். செம்மண் பூமி. முந்திரிக் காடு, தைலமரக் காடு, கடலைக் கொல்லை, பூந்தோட்டம். நிலம் உள்ளவனுக்கே வானம் பார்த்த பிழைப்பு என்றால், கூலிக்குப் போகிறவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டை உடைத்தவளின் விரலை அதன் தோட்டெண்ணெய் தின்றிருக்கிறது. கல் உடைத்தவனின் விரலைக் கல் தின்றிருக்கிறது. களை பறித்து, சாந்துச் சட்டி தூக்கி, ஊரான் வீட்டுப் பாத்திரம் தேய்த்து, அறுபது வயதுக்குள் ரேகை தேய்ந்து போகிறது.

அந்தத் தேய்ந்த விரலைக் கொண்டுவா, கண்ணாடியில் வை, ரேகை விழுந்தால் பணம் என்கிறது சர்க்கார்.

இனி நடப்பதைக் கேளுங்கள். ஊர் பேர் தெரிந்த ஒருத்தியின் கதையாகச் சொல்லவில்லை. பென்ஷன் வாங்கும் வீடு எதில் கேட்டாலும் சொல்லக்கூடியதைச் சொல்கிறோம். எழுபது வயது மூதாட்டி ஒருத்தி கையடக்க மெஷினின் முன் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அப்பத்தா, ரேகை விழல. இன்னொரு தடவை அழுத்துங்க" என்கிறார் மெஷின்காரர். அழுத்துகிறாள். "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்கிறார். மறுநாளும் அழுத்துகிறாள். மூன்றாம் முறை பணம் வருகிறது. முதல் இரண்டு முறை விரல் வைத்தது எதற்கு? இருப்புப் பார்த்தாரா, பணம் எடுத்தாரா? அவளுக்குத் தெரியாது. சீட்டுக் கொடுக்கவில்லை. கைபேசி இல்லை. இருந்தாலும் அதில் வருகிற இங்கிலீஷ் செய்தியை அவள் படிக்க முடியாது. பாஸ்புத்தகத்தில் வரவு செலவு பதியப் பஸ் ஏறிப் போனால் மிஷின் ரிப்பேர். அடுத்த மாதம் "உங்க கணக்கில பணம் இல்லையே" என்ற பிறகுதான் களவு போனது தெரிகிறது.

வழக்குச் சொல்லப் பாங்கிக்குப் போகிறாள். அங்கே பதில் தயாராக இருக்கிறது: "ரேகை விழுந்திருக்கிறது. ஆகவே நீதான் எடுத்திருக்கிறாய்."

களவு கொடுத்தவளே கள்ளி என்று தீர்ப்பு!

இது எப்படி நடக்கிறது?

ஆதார் வழிப் பணம் எடுக்க என்ன வேண்டும்? ஆதார் எண், பாங்கியின் பெயர், விரல் ரேகை. இவ்வளவுதான். ரகசிய எண் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். ஆதார் எண்ணோ ஜெராக்ஸ் கடையிலிருந்து சிம் கார்டு கடை வரை ஊரெல்லாம் கிடக்கிறது. மிச்சம் இருப்பது ரேகை. அதையும் திருட முடியாதா?

முடியும் என்று 2018-லேயே தெரிந்துவிட்டது. தெலங்கானாவில் சிம் கார்டு விநியோகஸ்தர் ஒருவர், பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து ரப்பரில் அச்சு வார்த்தார். கம்பெனி வைத்த விற்பனை இலக்கை எட்ட ஆயிரக்கணக்கான சிம்களை அந்த ரேகைகளால் உயிர்ப்பித்தார். 2023-ல் கொல்கத்தாவிலும் இதே கதை: பத்திரத்தில் பதிந்த ரேகை, போலி விரலாகிப் பாங்கிக் கணக்கைத் திறந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், உயிருள்ள விரலா, அச்சு விரலா என்று கண்டறியப் புதிய சோதனை முறை கொண்டுவந்திருப்பதாக ஆதார் ஆணையமே அறிவித்தது. அதாவது, அச்சு விரலால் திறக்க முடிகிற பூட்டைத்தான் அதுவரை நாட்டின் ஏழைகளுக்குத் தந்திருந்தார்கள்!

ரகசிய எண் களவு போனால் எண்ணை மாற்றலாம். கார்டு களவு போனால் வேறு கார்டு வாங்கலாம். ரேகை களவு போனால்? வேறு விரலுக்கு எங்கே போவது?

போலி விரல் செய்வது பெரிய வித்தை. கள்ளனுக்கு அதுகூடப் பல இடங்களில் தேவைப்படுவதில்லை. 2020-ல் ஜார்க்கண்டில் சிறுபான்மைக் குழந்தைகளின் படிப்புதவித் தொகை கொள்ளை போனது வெளிச்சத்துக்கு வந்தது. தரகர்களும் பள்ளிக்கூடங்களில் உள்ளவர்களும் பாங்கிப் பிரதிநிதிகளும் கூட்டுச் சேர்ந்து, பெற்றோரிடம் ஆதாரையும் ரேகையையும் வாங்கி, வந்த தொகையில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டுச் சில்லறையைக் கையில் கொடுத்தார்கள்.

கிராமத்தான்தான் ஏமாற்றுகிறான் என்று எண்ண வேண்டாம். 2017-ல் ஏர்டெல் பேமென்ட்ஸ் பாங்கியின் விவகாரம் நாறியது. சிம் சரிபார்க்க ஆதார் கொடுத்தவர்கள் பேரில் அவர்கள் அறியாமலே கணக்குத் திறக்கப்பட்டது. அவர்களுக்கு வர வேண்டிய காஸ் மானியம் அந்தக் கணக்குகளில் போய் விழுந்தது. ரிசர்வ் பாங்கி 2018 மார்ச்சில் ரூ. 5 கோடி அபராதம் போட்டது. ஒரு மூட்டை அரிசி திருடியவனைக் கம்பத்தில் கட்டுவார்கள். லட்சக்கணக்கான குடும்பங்களின் மானியத்தை மடைமாற்றிய கம்பெனி அபராதம் கட்டிவிட்டுக் கடையைத் திறந்து வைத்தது.

சட்டப்படியே நடக்கும் களவும் உண்டு. 2023 செப்டம்பர் 15-ல் தமிழகத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000. பணம் விழுந்த சூட்டோடு சில பாங்கிகள் "குறைந்தபட்ச இருப்பு இல்லை" என்று அதைப் பிடித்துக்கொண்டன. மாநில நிதி மந்திரியே, இந்தத் தொகையில் கை வைக்காதீர்கள் என்று பாங்கிகளை எச்சரிக்க வேண்டியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. 2018-லிருந்து பொதுத்துறை பாங்கிகளும் ஐந்து பெரிய தனியார் பாங்கிகளும் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக மட்டும் வசூலித்த அபராதம் ரூ. 21,000 கோடிக்கு மேல் என்று 2023 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது. குறுஞ்செய்தி அனுப்பிய கூலியாக ரூ. 6,000 கோடிக்கு மேல்! கணக்கில் பணம் இல்லாதவனிடம், பணம் இல்லாத குற்றத்துக்காகப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள்.

பணக்காரனுக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம்

2018 செப்டம்பர் 26-ல் சுப்ரீம் கோர்ட் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்ற கட்டாயம் செல்லாது என்றது. நல்லது. ஆனால் அதே தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், சர்க்காரின் மானியமும் உதவித் தொகையும் பெறுகிறவர்களுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கும் 7-வது பிரிவு செல்லும் என்றார்கள். மில் முதலாளி தன் கோடிகளுக்கு விரலைக் காட்ட வேண்டாம். அவன் மில்லில் உழைத்து ஓய்ந்தவன் தன் பென்ஷனுக்குக் காட்டியாக வேண்டும்!

அமெரிக்காவில் வேறு மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே ஏழைகளின் உணவு உதவி ஒரு கார்டில் வருகிறது. கள்ளர்கள் கடை மெஷின் மேல் வேறொரு கருவியை ஒட்டி வைக்கிறார்கள். கார்டைத் தேய்த்ததும் காந்தப் பட்டையில் உள்ளது அத்தனையும் நகலாகிறது. ரகசிய எண்ணும் களவாகிறது. மாதம் பிறந்து உதவித் தொகை விழுந்ததும் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். சாதாரண பாங்கிக் கார்டுகளுக்குச் சிப் வைத்துப் பாதுகாப்புச் செய்து பல வருஷங்கள் ஆகியும் ஏழைகளின் கார்டு வெறும் காந்தப் பட்டையோடு கிடந்தது. கலிபோர்னியா மாநிலம் சிப் கார்டு கொடுக்கத் தொடங்கியதே 2025-ல்தான்.

இன்னும் கேளுங்கள். பாங்கிக் கார்டில் களவு போனால் வாடிக்கையாளரைக் காக்க அங்கே 1978-லேயே சட்டம் உண்டு. ஏழையின் உதவிக் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 1996-ல் சட்டம் செய்தார்கள்! கூக்குரல் கிளம்பிய பிறகு, 2022 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்து, 2022 அக்டோபர் 1 முதல் களவு போன உணவு உதவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பர் 20-க்குப் பிறகு நடந்த களவுக்கு மத்திய நிதி இல்லை என்று அதுவும் முடிந்து போனது. களவு நின்றுவிட்டதா? இல்லை. திருப்பிக் கொடுப்பதுதான் நின்றது. புதுக்கோட்டையானாலும் நியூயார்க்கானாலும் முதலாளித்துவத்தின் கணக்கு ஒன்றே: லாபம் மேலே ஏறும், நஷ்டம் கீழே இறங்கும்.

"ஊழலை ஒழிக்கத்தானே இந்த மெஷின்?"

இப்படிக் கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்வோம்.

மணியார்டரில் பென்ஷன் வந்த காலத்தில் பத்து இருபது ரூபாய் வழியில் தங்கியது உண்மை. செத்தவர் பேரில் பணம் போனதும் உண்டு. நாம் மறைக்கவில்லை, அன்றும் எதிர்த்தோம். ஆனால் பணம் வாசலுக்கு வந்தது. நோட்டை எண்ணிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி சாட்சி இருந்தாள். குறைந்தது எவ்வளவு, எடுத்தது யார் என்பது அன்றைக்கே தெரிந்தது. இன்று முழு மாதப் பணமும் போகிறது. எடுத்தவன் எந்த ராஜ்யத்தில் இருக்கிறான் என்பதே தெரியவில்லை.

நேரடிப் பணமாற்றத்தால் ரூ. 3.48 லட்சம் கோடி மிச்சப்படுத்தினோம் என்று மத்திய சர்க்கார் 2025-ல் பெருமை பேசியது. அவர்கள் கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டே கேட்கிறோம்: லட்சம் கோடி மிச்சம் பிடித்த கைக்கு, களவு போன ஒரு மாதப் பென்ஷனைத் திருப்பிக் கொடுக்க வலிக்கிறதா? அந்த "மிச்சத்தில்" எத்தனை பேர் பட்டினி அடக்கம்? 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா ஜில்லாவில் ஆதார் இணைக்காத ரேஷன் கார்டு ரத்தாகி, 11 வயதுச் சிறுமி பட்டினியால் செத்தாள் என்று அவள் தாய் கதறினாளே, அந்தக் குடும்பத்தின் அரிசியும் மிச்சக் கணக்கில்தானே சேரும்?

மெஷினோடு நமக்குப் பகை இல்லை. மெஷின் தவறு செய்தால் மெஷினுக்குச் சொந்தக்காரன் பொறுப்பேற்க வேண்டும் என்கிறோம். அவ்வளவுதான்.

மெஷின் பிடித்திருக்கும் இளைஞனோடும் நமக்குப் பகை இல்லை. அவர்களில் திருடுகிறவன் உண்டு. அவனைச் சட்டப்படி தண்டியுங்கள். பெரும்பாலோர் கமிஷனுக்கு உழைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள். சம்பளம் இல்லை, வேலை உத்தரவாதம் இல்லை. 1969 ஜூலை 19-ல் 14 பெரிய பாங்கிகள் தேசியமயமானபோது கிராமத்துக்குப் பாங்கி வரும் என்றார்கள். கிளைகள் வந்தன. அப்புறம் ஆள் எடுப்பது குறைந்தது. 2006 ஜனவரியில் ரிசர்வ் பாங்கி, பாங்கி வேலையை வெளி ஆள் மூலம் செய்துகொள்ள அனுமதி தந்தது. கிராமத்தானுக்குக் கவுண்டரும் இல்லை, காஷியரும் இல்லை. கமிஷன் ஏஜெண்டுதான் மிச்சம். இந்த ஏஜெண்டுகளை விசாரித்தே சேர்க்க வேண்டும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற உத்தரவை ரிசர்வ் பாங்கி 2025 ஜூனில்தான் பிறப்பித்தது. 2026 ஜனவரி 1 முதல் அமல் என்றது. குதிரை களவு போன பிறகு லாயத்துக்குப் பூட்டு!

கையெழுத்தை மறுப்பதா?

புதுக்கோட்டை ஜில்லாவுக்கு இதில் தனி வழக்கு ஒன்று உண்டு. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் எழுந்தது. பகலெல்லாம் கல்லுடைத்த பெண்கள் இரவில் அரிக்கேன் விளக்கில் எழுத்துக் கூட்டினார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. எதற்காகக் கற்றார்கள்? கைநாட்டு என்ற இழிவு போவதற்காக. வெற்றுத் தாளில் ரேகை வாங்கிக் கொண்டு, கொடுத்தது ஐம்பது, எழுதியது ஐந்நூறு என்று வட்டிக்காரன் வயலைப் பிடுங்கிய கொடுமை அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் தன் பெயரைத் தானே எழுதிய நாளைத் திருநாளாகக் கொண்டாடினார்கள்.

அன்று கையெழுத்துப் போடக் கற்ற முப்பது வயதுப் பெண்ணுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. பென்ஷனுக்கு நிற்கிறாள். "கையெழுத்து வேண்டாம், கைநாட்டு வை" என்கிறது சர்க்கார்! எந்தத் தாளில் வைக்கிறோம் என்று தெரியாமல், எவ்வளவு என்று தெரியாமல், சீட்டும் இல்லாமல். வட்டிக்காரனின் வெற்றுத் தாளுக்கும் இந்தக் கண்ணாடிக்கும் என்ன வித்தியாசம்?

ஏகலைவனிடம் குருதட்சிணையாகக் கட்டைவிரலைக் கேட்டார் துரோணர். விரல் போனதோடு அந்தக் கதை முடிந்தது. இவர்களோ விரலையும் வாங்கி, பென்ஷனையும் போகவிட்டு, பழியையும் கிழவி தலையில் போடுகிறார்கள்.

ஏழைக்குக் காசு எவ்வளவு பெரிது?

இது சில்லறை விவகாரம் என்பான் வயிறு நிறைந்தவன். 1962-ல் இந்த மாநிலத்தில் முதியோர் பென்ஷன் ரூ. 20-ல் தொடங்கியது. ஏறி ஏறி 2011-ல் ரூ. 1,000, 2023-ல் ரூ. 1,200 ஆயிற்று. இதில் மத்திய சர்க்காரின் பங்கு, எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ரூ. 200. 2006-ல் வைத்த 200. 2025 முடியும் வரை ஒரு காசு ஏறவில்லை. பார்லிமெண்ட் மெம்பர்களின் சம்பளம் அந்தக் காலத்தில் எத்தனை முறை ஏறியது என்பது ஊருக்குத் தெரியும்.

பாங்கிக் களவு பற்றி ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. பாங்கியின் தவறு என்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. வெளி ஆள் செய்த களவு என்றால், பாங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நஷ்டம் இல்லை. நாலிலிருந்து ஏழு நாள் ஆனால், ஏழைகளின் அடிப்படைக் கணக்கில் ரூ. 5,000 வரை அவர்களே சுமக்க வேண்டும். ரூ. 5,000 என்றால் நாலு மாதப் பென்ஷனுக்கு மேல்! நாலு நாள் தாமதத்துக்கு நாலு மாதப் பட்டினி.

ஆனால் அதே சுற்றறிக்கையில் இரண்டு வரிகளைப் பாங்கிகள் மக்களிடம் சொல்வதே இல்லை. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் பாரம் பாங்கியுடையது என்பது ஒன்று. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. "நீதான் எடுத்தாய்" என்று கவுண்டரில் சொல்வது சட்டமல்ல, அதிகாரத் திமிர். தகவலே அனுப்பாத பாங்கி, நாள் கடந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

கோரிக்கைகள்

ஆகவே நாம் கோருகிறோம்:

1. களவு போன பென்ஷனையும் உதவித் தொகையையும் புகார் செய்த பத்து நாளில் முழுதாகத் திருப்பிக் கொடு. சர்க்காரும் பாங்கியும் கள்ளனிடம் வசூலித்துக்கொள்ளட்டும்; கிழவியைக் காக்க வைக்காதே.

2. ஒவ்வொரு ரேகைக்கும் தமிழில் அச்சிட்ட சீட்டு. எடுத்த தொகையை மெஷின் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

3. கட்டாய ரேகை ஒழிக. கையெழுத்தோ, பாஸ்புத்தகமோ, வாசலில் தபால் வழியோ, எது வேண்டும் என்று சொல்லும் உரிமை பென்ஷன்தாரருக்கே. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று முதியோர் வீட்டு வாசலுக்கு ரேஷன் அரிசியைக் கொண்டுபோக முடிந்ததே, பென்ஷனைக் கொண்டுபோக முடியாதா?

4. பத்திர நகல்களில் உள்ள ரேகைகளை மறைத்தே பதிவுத்துறை வெளியே விடவேண்டும்.

5. உதவித் தொகை விழும் கணக்கில் எந்தக் கட்டணமும், எந்தக் கடன் பிடித்தமும் கூடாது.

6. மத்திய சர்க்காரின் ரூ. 200 பிச்சையை உயர்த்து.

இதைப் படிக்கிற தோழர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பென்ஷன் நாளில் மெஷின் பக்கத்தில் படித்த ஒரு தோழர் நிற்கட்டும். சீட்டு இல்லாமல் இரண்டாம் முறை விரல் வைக்க விடாதீர்கள். மாதம் ஒரு முறை பாஸ்புத்தகங்களை ஒன்றாகச் சேர்த்துப் பாங்கியில் பதிந்து வாருங்கள். களவு தெரிந்தால் அன்றே 1930-க்குப் போன், பாங்கியில் எழுத்து மூலம் புகார், கையெழுத்திட்ட ரசீது. ஆலங்குடி சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு ஒரு நகல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு. தனியாகப் போனால் விரட்டுவார்கள். பத்துப் பேராகப் போனால் நாற்காலி போடுவார்கள். அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

பென்ஷன் பிச்சையல்ல. ஐம்பது வருஷம் இந்த மண்ணைக் கொத்திய கைகளுக்கு நாடு பட்டிருக்கும் கடன். ரேகை தேய உழைத்தவர்களிடம் ரேகை எங்கே என்று கேட்பவர்கள், அந்தக் கடனில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

திருவரங்குளத்தின் கட்டைவிரல்கள் கேட்கின்றன. ஒரு விரலைத் தட்டிவிடலாம். ஐந்தும் சேர்ந்தால் அது முஷ்டி!